குருமடம் போகும் மக்களுக்கு

பொன்முடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கும் வழியில் என் அறைக்கும் வந்தீர்கள். கட்டன்சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது உங்களில் ஒருவன் கேட்டான்: "ஃபாதர், ஒருத்தர் பிஷப் ஆவது எப்படி?" மற்றவர்கள் அவனைக் கேலி செய்தீர்கள். அது கேலி செய்யவேண்டிய கேள்வியே இல்லை. நாளைக்கு ஒருவர் கைகளுக்குள் தன் கைகளை வைத்துக் கீழ்ப்படிவேன் என்று வாக்குக் கொடுக்கப்போகிறவன், அந்த மனிதர் எந்த வழியாய் அந்த இடத்துக்கு வந்தார் என்று கேட்கத்தான் வேண்டும். பஸ் வந்துவிட்டது, பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். மலையிலும் கடற்கரையிலும் பங்குகளில் இருந்தவன் நான். இங்கே சொல்வதில் பெரும்பகுதி திருவனந்தபுரத்தையும் கொல்லத்தையும் சுற்றி நடந்தது.

1. முதலில் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி ஆயராகிறவருக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும். குருவாகி 5 ஆண்டாவது போயிருக்க வேண்டும். விவிலியத்திலோ இறையியலிலோ சபைச் சட்டத்திலோ உயர் பட்டம் வேண்டும், அல்லது அதற்கு ஈடான புலமை வேண்டும். ஆயர்கள் மூன்றாண்டுக்கு ஒரு முறையாவது தகுதியுள்ள குருக்களின் பெயர்களை இரகசியமாய்க் கலந்துபேசி ரோமுக்குத் தெரிவிப்பார்கள். ஒரு மறைமாவட்டம் காலியானால் டெல்லியில் இருக்கும் திருத்தந்தையின் தூதர் தனித்தனியாய் விசாரித்து மூன்று பெயர்களை அனுப்புவார். முடிவு திருத்தந்தையுடையது. கத்தோலிக்கத்திலேயே கீழைமுறைச் சபையான மலங்கரை சபையில் முறை வேறு: அங்கே ஆயர்களின் சினட் கூடித் தேர்ந்தெடுக்கும், திருத்தந்தையின் இசைவு வேண்டும்.

இதில் எங்கேயும் விண்ணப்பப் படிவம் கிடையாது. உன்னைப் பற்றி யாரிடம் கேட்டார்கள் என்பதும் உனக்குக் கடைசிவரை தெரியாது. உன்னோடு ஒரே அறையில் இருந்தவனிடம் கேட்டிருக்கலாம், ஒரு கன்னியர் மடத்துத் தலைவியிடம் கேட்டிருக்கலாம், நீ உதவிப் பங்குத்தந்தையாய் இருந்த ஊரின் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டிருக்கலாம். ஆகவே ஆயராக வேண்டும் என்று திட்டம் போடுவது வீண் வேலை. திட்டம் போட்டு வாழ்ந்த சிலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கிடைத்த பங்கு எதுவும் பிடிக்கவில்லை. அந்தப் பங்கு மக்களுக்கும் அது தெரிந்துபோயிற்று.

2. நன்றாகப் படியுங்கள், ஆனால் யாருக்காகப் படிக்கிறோம் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். திருவனந்தபுரத்தில் பட்டம் என்ற இடத்து மரியா பேராலயத்தில் அடக்கமாகியிருக்கும் மார் இவானியோஸை எடுத்துக்கொள்கிறேன். 1882-இல் மாவேலிக்கரையில் கீவர்கீஸ் பணிக்கராய்ப் பிறந்த அவர் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் எம்.ஏ. படித்தார். அவர் அப்போது இருந்த ஆர்த்தடாக்ஸ் சபையில் ஒரு குரு அந்தப் பட்டம் வாங்குவது அப்போது புதுமை, 'எம்.ஏ. அச்சன்' என்றே ஊர் கூப்பிட்டது. கோட்டயத்தில் எம்.டி. செமினரிப் பள்ளியின் தலைமை, பிறகு 1913 முதல் வங்காளத்தில் செராம்பூர் கல்லூரியில் பேராசிரியர் பதவி. அந்த வயதில் அதற்குமேல் என்ன வேண்டும்? அவர் கேரளத்திலிருந்து இளைஞர்களைக் கூட்டிக்கொண்டுபோய்ப் படிக்கவைத்தார். தன் படிப்பு தன்னோடு நின்றுவிடக் கூடாது என்ற எண்ணம் அவருக்கு ஆரம்பத்திலேயே இருந்தது. 1949-இல் நாலாஞ்சிறைக் குன்றில் அவர் தொடங்கிய கல்லூரியும் அந்த எண்ணத்தின் தொடர்ச்சிதான். அங்கே படித்து மேலே வந்தவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு.

3. ஆளக் கற்பதற்கு முன்னால் தனியாய் இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 1919-இல் பேராசிரியர் வேலையை விட்டுவிட்டு மார் இவானியோஸ் போன இடம் ரான்னிப் பெருநாட்டில் முண்டன்மலை. காடு. அங்கே பெத்தானி ஆசிரமம் தொடங்கினார். 1925-இல்தான் ஆயரானார். நடுவில் அந்த ஆறு ஆண்டுகள் செபமும் உண்ணாநோன்பும் உடலுழைப்புமாய்ப் போயின. 1930-இல் அவருக்கு வந்ததைத் தாங்கும் பலம் அந்த ஆறு ஆண்டுகளில் சேர்ந்தது என்றே நான் நினைக்கிறேன்.

4. விடக் கற்றுக்கொள்ளுங்கள். நான் சொல்வதில் முக்கியமானது இதுதான், இதில் கொஞ்சம் அதிகமாய் எழுதுவேன்.

1930 செப்டம்பர் 20. கொல்லம் ஆயர் இல்லத்தின் சிற்றாலயம். மார் இவானியோஸ், அவருடைய சீடரான ஆயர் மார் தெயோபிலோஸ், ஒரு குரு, ஒரு திருத்தொண்டர், ஒரு பொதுநிலையினர், ஆக ஐந்தே பேர் கத்தோலிக்க ஒன்றிப்புக்கு வந்தார்கள். இன்றைக்குப் பட்டத்துப் பேராலயத்தையும் அதைச் சுற்றிய கூட்டத்தையும் பார்க்கிறவர்களுக்கு அந்த ஐந்து பேரை நினைத்துப் பார்ப்பது கடினம். அவர் தன் கையால் உருவாக்கிய பெருநாட்டு மலையையும் ஆசிரமக் கட்டடங்களையும் அதற்குச் சில வாரம் முன்பே விட்டுவிட்டு வெண்ணிக்குளத்துக்குப் போயிருந்தார். வயது 48-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் மனிதர்கள் கட்டிய வீட்டில் உட்காரத்தான் பார்ப்பார்கள். சொத்தை விடுவதைக்கூட ஒருவாறு சகித்துக்கொள்ளலாம். கூடப் படித்தவர்கள், கூட நின்று பூசை வைத்தவர்கள், தன்னை வளர்த்த குருநாதர் என்று அத்தனை பேரிடமிருந்தும் விலகி நடப்பது வேறு வலி.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். அவர் விட்டுவந்த ஆர்த்தடாக்ஸ் சபையாரைப் பற்றித் தாழ்வாய் ஒரு சொல் உங்கள் வாயில் வரக் கூடாது. அந்தப் பிரிவில் அவர்களுக்கும் அழுகை இருந்தது. தங்கள் பிள்ளைகளில் தலைசிறந்த ஒருவரை இழந்தவர்கள் அவர்கள். நம் மேடைகளில் சில நேரம் இந்தக் கதையை வெற்றி முழக்கமாய்ச் சொல்கிறார்கள். கேட்க எனக்குச் சங்கடமாய் இருக்கும்.

1932 ஜூன் 11 அன்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் மலங்கரை சபைக்கென்று திருவாட்சி அமைப்பை ஏற்படுத்தினார். 1933-இல் மார் இவானியோஸ் திருவனந்தபுரத்தின் பேராயராய்ப் பொறுப்பேற்றார். அவர்களுடைய அந்தியோக்கிய வழிபாட்டு முறைக்குப் பங்கம் வரவில்லை. பிறகு தென் திருவிதாங்கூரின் தமிழ் ஊர்களுக்கும் அந்தச் சபை வந்தது. 1996-இல் மார்த்தாண்டம் தனி மறைமாவட்டமானது. இன்றைக்கு அங்கே மலங்கரைப் பூசையைத் தமிழில் கேட்கலாம். மார் இவானியோஸ் 1953 ஜூலை 15-இல் இறந்தார். ஒவ்வோர் ஆண்டும் ஜூலையில் பெருநாட்டிலிருந்து பட்டம் வரைக்கும் மழையில் நனைந்துகொண்டு மக்கள் நடந்து வருகிறார்கள். 2024 மார்ச்சில் ரோம் அவரை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது. நீங்கள் இலத்தீன் பிள்ளைகள் என்பதால் இது நம் கதை இல்லை என்று நினைக்கவேண்டாம். அடுத்ததைப் படியுங்கள்.

5. அன்றைக்கு அந்தச் சிற்றாலயத்தில் எதிரே நின்று அவரை ஏற்றுக்கொண்டவர் நம் ஆயர். அலோய்சியஸ் மரிய பென்சிகர், கார்மல் சபைத் துறவி. 1864-இல் சுவிட்சர்லாந்தின் ஐன்சீடல்னில் பிறந்தவர். ஐரோப்பா முழுக்கப் பெயர்பெற்ற பென்சிகர் பதிப்பகக் குடும்பத்துப் பிள்ளை. பணத்துக்குக் குறைவில்லாத வீடு. 1900-இல் கொல்லத்தின் இணை ஆயர், 1905-இல் ஆயர். கொல்லம் 1329-இல் ஏற்படுத்தப்பட்ட மறைமாவட்டம், இந்தியாவிலேயே முதலாவது. அன்றைக்கு அதன் எல்லை கன்னியாகுமரி வரைக்கும் நீண்டிருந்தது. அவர் அந்த நீளம் முழுக்கத் திரிந்தார். பள்ளிகள், ஆலயங்கள் என்று நம் பாட்டன்மார் ஊர்களில் அவர் காலத்தில் எழுந்தவை ஏராளம். 1906-இல் மென்சிங்கன் திருச்சிலுவைச் சகோதரிகளைத் திருவனந்தபுரம் பொது மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்க வரவழைத்ததும் அவர்தான்.

எல்லோரும் அவர் கட்டியதைச் சொல்வார்கள். அவர் கொடுத்ததை எண்ணிப் பாருங்கள் என்று நான் சொல்வேன். 1930 மே மாதம் கொல்லத்தின் தெற்குப் பகுதி பிரிந்து கோட்டாறு மறைமாவட்டம் ஆயிற்று. லாரன்ஸ் பெரைரா அதன் முதல் ஆயரானார். பென்சிகர் கால் வலிக்க நடந்து வளர்த்த ஊர்கள் அவை. அதே ஆண்டு செப்டம்பரில் மார் இவானியோஸை வரவேற்றார். வரவேற்றவர், "எங்கள் முறைக்கு மாறுங்கள், என் கீழ் இருங்கள்" என்று கேட்டிருந்தால்? அப்படிக் கேட்க அந்தக் காலத்தில் பலர் இருந்தார்கள். அவரோ வந்தவர்கள் தங்கள் வழிபாட்டோடு, தங்கள் தலைமையோடு, தன்னுடைய எல்லைக்குள்ளேயே இன்னொரு மறைமாவட்டமாய் நிற்க வழிவிட்டார். மறு ஆண்டு, 1931-இல், ஆயர் பொறுப்பையே ஒப்படைத்தார். திருவனந்தபுரம் கார்மல் ஹில் மடத்துக்குப் போய் மற்றத் துறவிகளில் ஒருவராய் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, 1942 ஆகஸ்டில் இறக்கும்வரை இருந்தார். அவர் விலகிய பிறகு 1937-இல் திருவனந்தபுரமும் கொல்லத்திலிருந்து தனியாய்ப் பிரிந்தது. அதையும் அந்த மடத்திலிருந்தே பார்த்தார்.

பதவியை விட்டபின் ஒரு மனிதர் பதினொரு ஆண்டு எப்படி இருந்தார் என்பதை வைத்துத்தான் பதவியில் எப்படி இருந்தார் என்று நான் கணக்கிடுவேன். மற்ற அளவுகோல்களில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

6. ஆலயம் உங்கள் சொத்து என்று ஒருபோதும் எண்ணாதீர்கள். தும்பாவுக்குப் போயிருப்பீர்கள். காந்த நிலநடுக்கோடு அந்தக் கடற்கரைக்கு அருகே போவதால் ராக்கெட் ஏவுதளத்துக்கு அந்த இடம் வேண்டும் என்று விக்ரம் சாராபாய் வந்தார். அங்கே புனித மகதலா மரியாள் ஆலயம், ஆயர் இல்லம், சுற்றிலும் மீனவர் வீடுகள். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைரா உடனே சரி என்று கையெழுத்துப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வரச் சொன்னார், மக்களிடமே கேட்டார், மக்கள் சம்மதித்தார்கள். அப்துல் கலாம் தம் நூலில் இதை நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். ஆலயத்துக்குள்ளேயே வேலை நடந்தது. 1963 நவம்பர் 21-இல் முதல் ராக்கெட் போயிற்று. அந்த ஆலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம்.

இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் ஆயரின் பெருந்தன்மையோடு நிறுத்திவிடுகிறார்கள். வீட்டையும் வள்ளம் இறக்கும் கரையையும் விட்டு நகர்ந்தவர்கள் பள்ளித்துறைக் குடும்பங்கள். கொடுத்தவர்கள் அவர்கள். நாளைக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு நிலம் கைமாறும் நாள் வந்தால், கேட்க வேண்டிய முதல் ஆட்கள் யார் என்பதை ஆயர் பெரைராவிடமிருந்தும், யாருடைய பெயர் பிறகு மறந்துபோகிறது என்பதைப் பள்ளித்துறையிடமிருந்தும் படித்துக்கொள்ளுங்கள்.

7. நடக்கும் கால் வேண்டும். ஐந்தாண்டுக்குள் தன் மறைமாவட்டம் முழுவதையும் ஆயர் பார்த்து முடிக்க வேண்டும் என்பது சட்டம். பொன்முடி இருக்கும் நெடுமங்காடு தாலுகா 1996 முதல் நெய்யாற்றின்கரை மறைமாவட்டத்தில் இருக்கிறது. கல்லாறு தாண்டியதும் 22 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதையே அடைபடும். சுற்றுலா வருகிறவர்கள் மேலே மூடுபனியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வழியில் இருக்கும் தேயிலைத் தோட்டத்து லயங்களை அவர்கள் பார்ப்பதில்லை.

ஆயர் வருகிறார் என்றால் லயத்துப் பிள்ளைகள் முத்துக்குடை பிடிப்பார்கள், மாலை போடுவார்கள், பெண்கள் வரிசையாய் நின்று பாட்டுப் படிப்பார்கள். அந்த அன்பைத் தட்டக் கூடாது. ஆனால் மாலையைக் கழற்றியபிறகுதான் வந்த வேலை தொடங்குகிறது. ஒரு திண்ணையில் உட்கார வேண்டும். செபமாலை, பிள்ளையின் உறுதிப்பூசுதல் என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் அடுத்தது வரும்: "கிராஜுவிட்டி இன்னும் கிடைக்கல சாமி, அது கிடைக்காம லயத்த விட்டு எங்க போக?" வேலையிலிருந்து ஓய்ந்தபின்னும் அந்த ஒற்றை அறையிலேயே இருக்கிற கிழவிகள் எத்தனையோ பேர். பக்கத்துப் போனக்காட்டில் தொழிற்சாலை ஓய்ந்து லயங்கள் பாழடைந்து கிடப்பதை நீங்களே நடந்துபோய்ப் பார்க்கலாம். பி.எஃப். என்றால் என்ன, தொழிலாளர் அலுவலகம் எங்கே இருக்கிறது, மனு எப்படி எழுதுவது என்பதெல்லாம் குருமடத்தில் சொல்லித் தருவார்களா தெரியாது. நீங்களாய்க் கற்றுக்கொள்ளுங்கள். லயத்தில் தமிழ் பேசுவார்கள், அவர்கள் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படிப்பார்கள். இரண்டிலும் பாவசங்கீர்த்தனம் கேட்க உங்களுக்கு வரவேண்டும்.

8. எளிய வீட்டில் பிறந்ததை மறைக்கவேண்டாம். பேராயர் மரிய கலிஸ்ட் சூசைபாக்கியம் 1946-இல் மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை அது. தூத்தூர் வட்டாரம் தமிழ்நாட்டில் இருந்தாலும் திருவனந்தபுரம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கடல் ஊரில் பிறந்த அந்தப் பிள்ளை 1969-இல் குருவாகி, 1990-இல் ஆயராகி, 2004-இல் திருவனந்தபுரத்தின் முதல் பேராயர் ஆனார். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் தூத்தூர் பக்கத்து ஊர்களிலும் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. எச்சரிக்கை ஏன் உரிய நேரத்தில் வரவில்லை, தேடல் ஏன் தாமதமாகிறது என்று அரசைக் கேட்டவர்களில் அவர் குரலும் இருந்தது. அலை எப்படி எழும் என்று பிறந்த வீட்டிலேயே தெரிந்தவர் கேட்டால் அந்தக் கேள்விக்கு வேறு எடை உண்டு.

உங்களில் இரண்டு பேர் வள்ளக்காரர் வீட்டுப் பிள்ளைகள். குருமடத்தில் நுனிநாக்கு ஆங்கிலம் பேசுகிறவர்கள் நடுவில் முதல் ஆண்டு கூச்சமாய் இருக்கும். அந்தக் கூச்சம் போய்விடும். ஊர்ப் பேச்சு போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. ஆயர் அருட்பொழிவு ஒன்றை ஒரு முறையாவது அருகிலிருந்து பாருங்கள். 2022 மார்ச் 19 அன்று பேராயர் தாமஸ் நெட்டோவின் அருட்பொழிவுக்கு உங்கள் வீட்டார் சிலர் போயிருப்பார்கள்; கேளுங்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர் முகங்குப்புறத் தரையில் கிடப்பார். புனிதர் மன்றாட்டு பாடுவார்கள். பிறகு ஆயர்கள் ஒவ்வொருவராய் வந்து பேசாமல் தலைமேல் கை வைப்பார்கள். நற்செய்தி நூலை விரித்து அவர் தலைக்குமேல் பிடித்திருக்க, அருட்பொழிவு செபம் நடக்கும். எண்ணெய், மோதிரம், தலைச்சீரா, செங்கோல் எல்லாம் அதற்குப் பிறகுதான். படம் எடுக்கிறவர்கள் தலைச்சீராவுக்காகக் காத்திருப்பார்கள். நீங்கள் அந்த நூலைப் பாருங்கள். மலங்கரையில் ஆயராகிறவர் அதற்கு முன்னால் றம்பான் பட்டம் ஏற்றுத் துறவியாக வேண்டும், அதுவும் பார்க்கவேண்டியது.

10. ஆயரின் அன்றாடம் என்ன என்று தெரியாமல் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. மாறுதல் கடிதம், பள்ளி வழக்கு, நிதிக்குழு, குருக்கள் மன்றம், ரோமுக்கு அறிக்கை, உடல்நலம் கெட்ட குரு ஒருவரின் படுக்கையருகே இரவு. ஞாயிறுதோறும் ஒரு திருப்பலியைத் தன் மக்களுக்காகவே ஒப்புக்கொடுக்க வேண்டும் என்ற கடமையும் உண்டு. எனக்குத் தெரிந்த நல்ல ஆயர்களுக்கு அந்த ஒரு கடமைதான் மற்ற எல்லாவற்றையும் சுமக்கத் தெம்பு கொடுத்தது. 75 வயதானதும் விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். சூசைபாக்கியம் பேராயரும் கொடுத்தார். 2022 பிப்ரவரியில் ரோம் ஏற்றது.

11. கடைசியாய் ஒன்று, வீட்டு விஷயம். உங்களில் மூத்த பிள்ளையாய் இருப்பவன் ஜூனில் பெட்டி கட்டுவதற்கு முன்னால் அப்பாவிடம் தனியாய் உட்கார்ந்து, வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் வாங்கிய கடன் எவ்வளவு பாக்கி, தங்கச்சியின் படிப்புக்கு என்ன வழி என்று கேட்கவேண்டும். "நீ போ மக்களே, நாங்க பாத்துக்கிடுவோம்" என்றுதான் சொல்வார்கள். அதோடு நிறுத்தாதே. கேட்டுத் தெரிந்துகொண்டதைப் பங்குத்தந்தையிடமும், முதல் வாரத்திலேயே குருமட அதிபரிடமும் சொல். உதவி செய்ய வழிகள் உண்டு. கேட்காத வீட்டுக்கு அவை போய்ச் சேர்வதில்லை. அதிபரிடம் பேசிவிட்டு எனக்கும் ஒரு வரி எழுது. தபால் பொன்முடிக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதனால் அவசரமென்றால் விதுரைப் பங்கில் சொல்லிவை, யாராவது மேலே வரும்போது கொண்டுவந்து தருவார்கள்.